குமுதா போடாத ஒப்புதல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்டால் சாதனைப் பட்டியலை எடுத்து நீட்டுவான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பட்டியலை வேப்பம்பட்டு வீட்டு அலமாரியிலேயே பூட்டி வைத்துவிட்டேன். நான் எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு வரி. எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது, டீ குடித்த நேரமும் அதில் சேர்த்தி. அந்த ஆறு வரியால் ஒரு பெண்ணின் வேலை போகவிருந்தது.

அப்போது நம் அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஸ்பிரிங் பட்டறைக்கு மேலே இருந்தது. கீழே பிரஸ் அடித்தால் மேலே என் மேசையில் டம்ளர் நடுங்கும். இரண்டு தெரு தள்ளி ஓர் ஆலை, வண்டிகளுக்கான பிரேக் பின்களைச் செய்தது. அங்கே தரப் பரிசோதனைக்கு நாங்கள் எழுதிய மென்பொருள்தான் ஓடியது. ஜாவாவில், இன்று பெயரைக் கேட்டாலே நீங்கள் சிரிக்கக்கூடிய ஒரு பழைய ஃபிரேம்வொர்க்கின், அதாவது முன்பே செய்து வைத்த நிரல் சட்டகத்தின், மேல் கட்டியது. சிரிக்காதீர்கள், இன்னும் எத்தனையோ ஆலைகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த மென்பொருளின் வேலை எளிது. ஒரே தடவையில் செய்த பின்களின் தொகுதியை லாட் என்பார்கள்; ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில பின்களை எடுத்து இன்ஸ்பெக்டர் அளப்பார், அளவைத் திரையில் தட்டுவார். வரம்புக்குள் இருந்தால் ஒப்புதல் கொடுக்கலாம், லாட் வண்டியேறிவிடும். வரம்பைத் தாண்டினால் சிவப்பு எச்சரிக்கை வந்து, மேற்பார்வையாளரைக் கூப்பிடு என்று சொல்லும். ஒப்புதல் கொடுத்தவர் பெயர் லாட்டோடு பதிவாகும். பின்னால் ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே.

ஒரு வியாழக்கிழமை அந்த ஆலையின் தர மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். நான்கு லாட் பின்கள் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்துவிட்டன, விட்டம் குறைவாக இருக்கிறது என்றார். நான்குக்கும் ஒப்புதல் கொடுத்தது ஒரே ஆள், குமுதா என்ற இன்ஸ்பெக்டர். ஆனால் தான் கொடுக்கவே இல்லை என்று அவர் சாதிக்கிறாராம்.

"சார், உங்க சாஃப்ட்வேர் ஒருத்தர் பேருக்குப் பதிலா இன்னொருத்தர் பேரைப் போடுமா? ஆமாவா இல்லையா, அதை மட்டும் எழுதிக் கொடுங்க. விசாரணைக்கு வேணும்."

நான் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். லாட் அட்டவணையில் குமுதா. யார் எப்போது என்ன செய்தார்கள் என்று தனியாக எழுதி வைக்கும் லாக் கோப்பிலும் குமுதா. இரண்டு இடத்திலும் ஒரே பெயர், ஒரே நேரம். இதற்கு மேல் என்ன வேண்டும்? உட்கார்ந்து எழுதினேன். எங்கள் மென்பொருள் உள்நுழைந்தவரின் பெயரை மட்டுமே பதிவு செய்யும், வேறொருவர் பெயர் பதிவாக வாய்ப்பே இல்லை என்று. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி அனுப்பினேன். அந்த 'வாய்ப்பே இல்லை'யில் ஓர் 'ஏ' போட்டிருக்கிறேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

திங்கட்கிழமை காலை நம் வரவேற்பறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மடியில் டிபன் பை. ஆலைச் சீருடையின் நீலச் சட்டை போட்டிருந்தார்.

"நான்தான் சார் குமுதா. நீங்கதான அந்த லெட்டரு எழுதினது?"

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. விசாரணையில் இருப்பவர் நேரே வந்து நிற்கக்கூடாது, ஆலை வழியாக வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"வெள்ளிக்கிழமை சஸ்பென்ட் பண்ணிட்டாங்க சார். ஊட்ல இன்னும் சொல்லல. அதான் டிபன் கட்டிகினு, சட்டை போட்டுகினு, நெமிலிச்சேரில ட்ரெயின் ஏறி வந்துகீறேன். எங்க போறதுன்னு தெரியல. இங்க வந்துட்டேன்."

உட்காரச் சொன்னேன். பதிவுகளில் அவர் பெயர்தான் இருக்கிறது என்று பொறுமையாகத்தான் விளக்கினேன். பொறுமை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவன் குரலில் இருக்கும் ஒருவகைக் கனிவு அது. நீங்களும் அதைப் பழகிக்கொள்வீர்கள், முடிந்தவரை தாமதமாகப் பழகுங்கள்.

"சார், அந்த நாலுல ஒண்ணு போட்ட நேரத்துல நான் ஃபாக்டரிலயே இல்ல. பையனுக்குக் கண்ணாடி போடணும்னு பர்மிஷன் போட்டுகினு பூந்தமல்லி போயிருந்தேன். அத்த சொன்னா, அப்போ பாஸ்வேர்ட யாருக்குக் குட்த்தேன்னு கேக்குறாங்க. இருந்தேன்னு சொன்னா பொய் சொல்லி ஒப்புதல் குட்த்தேன். இல்லன்னு சொன்னா பாஸ்வேர்ட வித்தேன். நான் இன்னாதான் சார் சொல்றது?"

"யாராவது உங்க பாஸ்வேர்டைப் பாத்திருக்கலாம்மா."

"ஏழு வருஷம் கான்ட்ராக்டுல கீந்து போன வருஷம்தான் சார் பர்மனென்ட் ஆனேன். பாக்காம ஒப்புதல் போட்டவன்னு பேரு வாங்கிட்டா இந்தப் பேட்டையில எவன் சார் என் கையில அளக்குற மைக்ரோமீட்டரக் குடுப்பான்?" பிறகு போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார். "ஒரு தபா என் ஸ்க்ரீன்லயே வேற ஆளு பேரு வந்துச்சி. லாட்டு போட்டு முடிச்சேன், மேல வேற ஒருத்தர் பேரு. மறுபடி அமுக்கினேன், என் பேரு வந்துடுச்சி. சூப்பர்வைசராண்ட சொன்னேன். கம்ப்யூட்டர்னா அப்டிதான் இருக்கும், போம்மான்னாரு."

நான் வாய்ப்பே இல்லை என்று எழுதிய அதே விஷயத்தை இவர் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். பொய்யாக இருக்கலாம். ஆனால் பொய் சொல்பவர், மறுபடி அமுக்கினால் சரியாகிவிட்டது என்று தன் வாதத்தைத் தானே கெடுக்கும் விவரத்தைச் சேர்க்க மாட்டார் என்று தோன்றியது. விசாரணை எப்போது என்று கேட்டேன். அடுத்த திங்கள் என்றார்.

அந்த வாரம் எனக்குத் துணை நின்றவர் யூசுப். நானும் அவரும் பதினைந்து வருடம் எதிரெதிர் மேசை. நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை மாமே என்பார். யாரையும் எதையும் நம்பாத ஆசாமி. பிழை தேடுவதற்கு அதைவிட நல்ல குணம் கிடையாது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சோதித்தோம். ஆலையின் தரவை அப்படியே நகலெடுத்து, சர்வரை நிறுத்தி மறுபடி ஏற்றி, உள்நுழைந்து, அளவைத் தட்டி, ஒப்புதல் கொடுத்தோம். பெயர் சரியாக வந்தது. மறுபடி நிறுத்தி, ஏற்றி, வேறு பெயரில் நுழைந்தோம். அதுவும் சரி. ஐம்பது முறையாவது செய்திருப்போம். ஒவ்வொரு முறை சரியாக வரும்போதும் என் மனதில் ஒரு மூலை நிம்மதியடைந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிழை இல்லையென்றால் என் கடிதம் சரி, நானும் சரி.

"மாமே, நாம அந்தம்மாவுக்காகத் தேடுறோமா, இல்ல உன் லெட்டருக்காகத் தேடுறோமா?" என்று புதன்கிழமை யூசுப் கேட்டார். நான் மறுபடி சர்வரை நிறுத்தினேன்.

வியாழக்கிழமை ஆலைக்குப் போனேன். பரிசோதனைக் கூடத்தில் மூன்று கணினிகள், ஒன்று குமுதாவுடையது, காலியாக இருந்தது. வேறு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. சர்வர் இருக்கும் அறையைப் பார்க்கலாம் என்று கேட்டேன். எலெக்ட்ரீஷியன் ஒருவர் திறந்துவிட்டார். பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன.

"இதை எப்ப கடைசியா நிறுத்தி ஏத்தினீங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

"அத்த நிறுத்தவே மாட்டோம் சார். நிறுத்தினா லைன் நின்னுடும்ல? ஆயுத பூஜைக்கு மட்டும் நிறுத்தி, தொடச்சி, பொட்டு வெச்சி, பொரி சுண்டல் குட்த்துட்டு மறுநாளு போடுவோம். அவ்ளோதான்."

நான் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் இதற்குள் தொற்றியிருக்கும். எதுவாக இருந்தாலும் முதலில் நிறுத்தி ஏற்றுவது. நம் அலுவலகத்தில் தண்ணீர் சுத்திகரிப்பான் மக்கர் செய்தால்கூட முதலில் சுவிட்சை அணைத்துப் போடுவோம். சுத்தமாக ஆரம்பித்தால்தான் சோதனை நியாயமாக இருக்கும் என்பது எங்கள் எண்ணம். நானும் யூசுப்பும் மூன்று நாளாக ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் சர்வரைக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டு உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். ஆலையிலோ அது மாதக்கணக்காக மூன்று பேர் கையில் அழுக்கேறி ஓடியிருக்கிறது. நாங்கள் சோதித்தது ஆலையில் யாருமே பார்த்திராத ஒரு சர்வரை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏற்றினோம். யார் என்ன சொன்னாலும் மாலை வரை நிறுத்துவதில்லை என்று முடிவு. நான் ஒரு கணினி, யூசுப் ஒரு கணினி. இருவரும் ஆலை இன்ஸ்பெக்டர்கள் போல லாட் லாட்டாகத் தட்டினோம். பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு மணி. எல்லாம் சரி. எனக்கு மண்டை காய்ந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தோம். அரை மணி கழித்து யூசுப், "சே, புள்ளி வெக்க மறந்துட்டேன்" என்றார். பன்னிரண்டு மில்லிமீட்டர் பின்னுக்கு 12.00 என்பதற்குப் பதில் 1200 என்று தட்டியிருக்கிறார். அவர் திரையில் சிவப்பு எச்சரிக்கை. சிரித்துக்கொண்டே நான் என் லாட்டுக்கு ஒப்புதல் கொடுத்தேன். என் திரையின் மேலே யூசுப் என்று வந்தது.

லாட் அட்டவணையைத் திறந்தோம். யூசுப். லாக் கோப்பைத் திறந்தோம். யூசுப். நான் மறுபடி பொத்தானை அமுக்கினேன், என் பெயர் வந்துவிட்டது. குமுதா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

நடந்தது இதுதான். அந்த ஃபிரேம்வொர்க்கில் ஒவ்வொரு திரைப் பக்கமும் சர்வரின் நினைவகத்தில் உருவாகும் ஒரு ஜாவா பொருள். அதைப் புதிதாக உருவாக்க நேரம் பிடிக்கும், அதனால் உருவாக்கியதைத் தூக்கி எறியாமல் அடுக்கி வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவருக்கு அதையே கொடுக்கும். டீக்கடை டம்ளர் மாதிரி. ஒருவர் குடித்து வைத்ததைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். தப்பே இல்லை, கழுவ வேண்டும், அவ்வளவுதான். ஒரு பக்கம் வேலை முடிந்ததும் கழுவும் பகுதி ஒழுங்காக ஓடியது. ஆனால் சிவப்பு எச்சரிக்கை வந்தால் நிரல் பாதியிலேயே வேறு திரைக்குத் தாவிவிடும். கழுவும் இடத்துக்கே போகாது. எச்சரிக்கை வாங்கியவரின் பெயரோடு டம்ளர் அப்படியே அடுக்குக்குத் திரும்பிப் போய், அடுத்தவர் கைக்கு வரும். புதிதாக ஏற்றிய சர்வரில், ஒரே ஆள், எச்சரிக்கையே வராமல் ஆயிரம் தடவை தட்டினாலும் இது தெரியாது.

பெயர் ஏன் அந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று கேட்பீர்கள். உள்நுழைந்தவர் யார் என்பதை ஒவ்வொரு தடவையும் கேட்டால் நேரமாகிறது என்று, ஒரு தடவை கேட்டதைப் பக்கத்திலேயே சேமித்து வைக்கும் வரி ஒன்று இருந்தது. கேச் என்று நாம் சொல்வது. பக்கத்து வரியில் 'வேகத்துக்காக' என்று ஒரு குறிப்பு, கீழே எழுதியவரின் முதலெழுத்துகள். அவை என் முதலெழுத்துகள். திரை முன்பைவிட வேகமாக வருகிறது என்று அதற்காக ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். லாக் கோப்புக்குப் பெயர் கொடுத்ததும் அதே வரிதான். இரண்டு சாட்சி ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்று நான் கடிதத்தில் நம்பியது, ஒரே ஆள் இரண்டு தடவை சொன்னதை. இதை மட்டும் மறக்காதீர்கள்: பதிவுகள் ஒத்துப்போகின்றன என்று சொல்லும் முன் அவை எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள்.

சனிக்கிழமை காலை நம் நிரலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பதிவைத் தேடி எடுத்தோம். எந்தக் கணினியிலிருந்து கோரிக்கை வந்தது என்று சர்வரே தானாக எழுதி வைக்கும் பட்டியல் அது. நான்கு ஒப்புதல்களில் ஒன்றுகூடக் குமுதாவின் கணினியிலிருந்து வரவில்லை. பக்கத்துக் கணினியிலிருந்து வந்திருந்தன. முதல் மூன்றுக்கும் சில நிமிடம் முன்னால் குமுதாவின் கணினியில் ஒரு சிவப்பு எச்சரிக்கை. நான்காவது, அவர் பூந்தமல்லி போன நாளினுடையது. கிளம்புவதற்கு முன் கடைசியாக அவர் அளந்த லாட்டில் எச்சரிக்கை வந்திருக்கிறது. அவர் போய்விட்டார், பெயர் மட்டும் அடுக்கில் உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்த ஒப்புதல்களைக் கொடுத்தவர் யார் என்பது ஆலையின் விவகாரம், அதற்குத் தனியாக விசாரணை நடந்தது. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒருவர் பெயர் வரக்கூடாத இடத்தில் வந்ததைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. யூசுப்தான் கேட்டார்.

"மூணு பேரு கீறாங்க. பேரு ஒட்டினா எல்லாரு பேரும்தான ஒட்டணும்? ஏன் மாமே நாலுலயும் இந்தம்மா பேரு?"

எச்சரிக்கைகளை ஆள்வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். மற்ற இருவரும் எப்போதாவது ஒன்று. குமுதாவுக்கு நாள் தவறாமல். ஏனென்று அன்றே அவருக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டேன்.

"அவங்க அளவு தப்பா வந்தா வேற பின்னு எடுத்து அளப்பாங்க சார். நல்லது வர்ற வரைக்கும் அளந்துட்டு அத்த அடிப்பாங்க. செவப்பு வந்தா சூப்பர்வைசர் வரணும், லைன் நிக்கும், எல்லாரும் மூஞ்ச தூக்கி வெச்சிக்குவாங்க. நான் கையில வந்த பின்ன அளந்து, இன்னா வருதோ அத்த அடிப்பேன். அதுக்குத்தான சார் சம்பளம்?"

போனை வைத்தேன். வெட்கமாக இருந்தது, அதை வேறு வார்த்தையில் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆலையில் ஒழுங்காகப் பார்த்தவர் அவர். அதனால்தான் எச்சரிக்கை அவருக்கு வந்தது, அதனால்தான் அவர் பெயர் ஒட்டியது. நான்கிலும் ஒரே பெயர் என்பதை எல்லோரும் அவருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டோம், நானும்தான்.

மதியம் நம் எம்.டி.யிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் இருபது பேருக்குச் சம்பளம் கொடுப்பவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திங்கட்கிழமை வழக்கமான மத்த மாற்றங்களோட சேத்து இந்தத் திருத்தத்தையும் ஏத்திடுங்க. 'சிஸ்டம் மேம்பாடு'ன்னு போட்டுக்கலாம். பதிவுகள்ல தெளிவு இல்லன்னு ஒரு லெட்டர் குடுப்போம். சந்தேகத்தின் பலனை அந்தம்மாவுக்குக் குடுத்துடுவாங்க. நம்ம தப்புன்னு எழுதணுமா?"

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கு இனித்தது. அரை மணி நேரம் என் மேசையில் உட்கார்ந்து, அப்படி ஒரு கடிதத்தை மனதுக்குள் எழுதியும் பார்த்தேன். வழவழவென்று நன்றாகவே வந்தது. ஆனால் சந்தேகத்தின் பலன் என்றால் சந்தேகம் அப்படியே இருக்கும். வேலை திரும்பக் கிடைக்கும், கூடவே அந்தப் பேச்சும் அவர் பின்னாலேயே போகும். 'வாய்ப்பே இல்லை' என்று நான் ஓங்கிச் சொன்னதை, முனகிக்கொண்டே திரும்பப் பெற முடியாது.

திரும்பப் போய், "என் பேர்ல எழுதறேன் சார். கம்பெனி பேரு வேணாம். ஆலைக்காரங்களுக்குக் கோபம் வந்தா என்னை மட்டும் வேணாம்னு சொல்லட்டும்" என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு, "கம்பெனி லெட்டர்ஹெட்லயே எழுதுய்யா" என்றார்.

திங்கட்கிழமை விசாரணை அறையில் தர மேலாளர், மனிதவள அதிகாரி, ஓரமாகக் குமுதா. என் இரண்டாவது கடிதத்தை நானே படித்தேன். முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், அதைச் சரிபார்க்காமல் எழுதினேன், பிழை மென்பொருளில் இருக்கிறது, அந்த வரியை எழுதியவன் நான். கூடவே எந்தக் கணினியிலிருந்து கோரிக்கை வந்தது என்ற பட்டியலையும், எச்சரிக்கை நேரங்களையும் வைத்தேன். மேலாளர் இரண்டு தடவை படித்தார்.

"சரிம்மா, நாளையிலேர்ந்து வந்துடுங்க" என்றார் குமுதாவிடம்.

குமுதா எழுந்திருக்கவில்லை.

"சார், என்னை சஸ்பென்ட் பண்ணது ஃபாக்டரி முழுக்கத் தெரியும். இந்த லெட்டரு ஃபைலுக்குள்ள போய்டும். இவரு நாளைக்கு ஷிஃப்ட் கூட்டத்துல வந்து சொல்லட்டும்."

ஆலையில் தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோரும் அறிவிப்புப் பலகை முன் நின்று பாதுகாப்பு உறுதிமொழி சொல்வார்கள். அதைத்தான் கேட்டார். மேலாளர் என்னைப் பார்த்தார். வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலை எழுபது எண்பது பேர் முன்னால் நின்று சொன்னேன். தொழில்நுட்பம் எதுவும் சொல்லவில்லை. "குமுதா அந்த நாலு லாட்டுக்கும் ஒப்புதல் கொடுக்கலை. நான் எழுதின ப்ரோகிராம் அவங்க பேரைப் போட்டிருக்கு. போடாதுன்னு நான் லெட்டர் கொடுத்தது தப்பு." பின்வரிசையில் யாரோ, "இத்த மொதல்லயே பாத்திருக்கலாம்ல சார்?" என்றார்கள். ஆமாம் என்றேன். அதற்கு வேறு பதில் கிடையாது.

கூட்டம் கலைந்ததும் குமுதா என்னிடம் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் நேரே பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். நான் திருத்தத்தை ஏற்றி முடித்து, ஆலையில் கையெழுத்து வாங்கும் படிவத்தோடு அவர் பின்னால் போனேன். திருத்தம் சரியாக வேலை செய்கிறது என்று பயன்படுத்துபவர்களில் ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். எப்போதும் யாராவது நீட்டிய இடத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், ஒருவரும் படித்தது கிடையாது.

"இதுல கையெழுத்து வேணும்மா. திருத்தம் சரியா இருக்குன்னு."

"சரியா கீதான்னு நான் இன்னும் பாக்கலையே சார்."

உட்கார்ந்தார். உள்நுழைந்தார். ஒரு பின்னை எடுத்து அளந்தார், வேண்டுமென்றே தப்பான எண்ணைத் தட்டினார். சிவப்பு வந்தது. பக்கத்துக் கணினியில் இருந்தவரைக் கூப்பிட்டு ஒரு லாட் போடச் சொன்னார். எழுந்து போய் அவர் திரையில் என்ன பெயர் என்று பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடி சிவப்பு, மறுபடி எழுந்து போனார். மூன்றாவது கணினிக்கும் போனார். நான் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் வலித்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"சர்வர நிறுத்திப் போட்டீங்களா சார் இன்னிக்கு?" என்று கேட்டார்.

"திருத்தம் ஏத்த நிறுத்தித்தான் ஆகணும்மா."

"அப்போ இன்னிக்கு பாத்தா பத்தாது. வர்ற வெள்ளிக்கிழமை வாங்க."

நான்கு நாளும் அவர் சோதித்தார். வெள்ளிக்கிழமை மதியம் போனேன். ஒரு சிறிய நோட்டில் எத்தனை தடவை சிவப்பு வந்தது, அடுத்து எந்தக் கணினியில் என்ன பெயர் வந்தது என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். அதைக் காட்டிவிட்டு, படிவத்தை வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

அந்தப் படிவத்தின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது, சால்வையோடு ஒரே அலமாரியில். கீழே, ஒப்புதல் அளித்தவர் என்ற இடத்தில், நீல மையில், குமுதா என்று இருக்கிறது. அது அவர் போட்டதுதான்.